ஏணிக்குக் கீழே ஒரு நாற்காலி

"என்னடி தேய்க்கிற? பாத்திரமா விளக்குற?"

எதிர்வீட்டிலிருந்து வந்த அதட்டலில், டியூட்டி முடிந்து வந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அவள் அந்தத் தெருவுக்குப் புதுசு.

ஏணிமேல் அந்த வீட்டு அக்கா. வெயிலும் மழையும் தின்று வெளுத்துப்போன ஜன்னல் சட்டத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கீழே, நாற்காலியில் ராஜா மாதிரி அவள் புருஷன்.

"மரத்துல நார் ஓடுற பக்கமா தேய்! குறுக்கே தேய்க்காதேன்னா காதுல விழலையா?"

"சரிங்க" என்றவள் மறுபடியும் குறுக்கேதான் தேய்த்தாள்.

"கை எதுக்குத்தான் இருக்கோ உனக்கு!" அவர் விருட்டென்று எழுந்தே விட்டார்.

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால் நன்றாகத்தானே இருக்கிறது? நேரே போய் நின்றாள்.

"ஏன் சார், பொம்பளையை ஏணியில ஏத்திட்டு உட்கார்ந்து அதிகாரம் பண்றீங்களே, இவ்வளவு தெரிஞ்சவர் நீங்களே ஏற வேண்டியதுதானே?"

அவர் முகம் செத்துப்போயிற்று. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா இறங்கி வந்தாள். கோபமில்லை. கண்தான் கலங்கியிருந்தது.

"எனக்காகத்தான் கேட்டே, தெரியுதும்மா. ஆனா அவர் தச்சர். மாடி வேலையில சாரம் சரிஞ்சு விழுந்தாங்க, இவரும் இவர் தம்பியும். இவருக்கு எலும்பு கூடிருச்சு. என் கொழுந்தன் எழுந்திருக்கவே இல்லை."

"அக்கா..."

"அப்போ போனவர்தான் அந்த ரூமுக்குள்ள. பேச்சே நின்னுபோச்சு. நானும் தச்சன் பொண்ணுதான், எனக்கா தேய்க்கத் தெரியாது? ஒழுங்கா செஞ்சப்போ எட்டிக்கூடப் பார்க்கலை. தப்பாத் தேய்ச்சதும் வாசல்வரை வந்தார். அப்புறம் நாற்காலியோட வந்தார். இன்னிக்குத்தான் நாற்காலியை விட்டு எழுந்தார்."

நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"சார், தெரியாமப் பேசிட்டேன். மன்னிச்சிடுங்க."

கதவு திறக்கவில்லை.

திரும்பி வந்தவள் துப்பட்டாவை இழுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

"ஓட்டை அடைக்கிற மக்கு எங்கேக்கா?"

"அந்த டப்பாவுல. ஆனா உளுத்த கட்டையை இன்னும் சுரண்டலையே. அதுமேல வெச்சா நிக்காது."

"நிக்க வேண்டாம்க்கா."

மளமளவென்று ஏணியில் ஏறினாள். மக்கை ஒரு பெரிய உருண்டையாக எடுத்துச் சட்டத்தில் அப்பினாள். ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"பாருங்கக்கா! சுரண்டுறதாவது ஒண்ணாவது! இப்படி அப்பிட்டா ஆச்சு!"



இன்னொரு உருண்டையை அப்பினாள். "இதுக்குப் போய் ஒரு தச்சர் வேணுமா என்ன!"

கதவு படாரென்று திறந்தது. அவர் ஓடிவந்து, ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்:

"உளுத்ததைச் சுரண்டாம மக்கு பூசுற மக்கு யாரு? பார்த்து, மெதுவா இறங்கு! அடியே... என் உளி எங்கே?"