வரவேற்புரைக்கு வந்த இடைஞ்சல்

தேவாலயப் பங்கு விழாத் தலைவர் வலன்ரைன், பியர்பொன்ட்ஸ் நகரிலுள்ள தன் வீட்டின் தரையைக் காலால் உதைத்தார்.

"மாக்கிரட், கீழ வாடகைக்கு இருக்கிற பேஸ்மென்ற்காரியைப் பாட்டை நிப்பாட்டச் சொல்லு! அமெரிக்கப் பாடகிக்கு நான் வரவேற்புரை பழகவேணும்."

"அவ பாவமப்பா," என்றாள் மனைவி மாக்கிரட். "பாட்டுக் குழுவை விட்டிட்டு நாளைக்குத்தான் முதன்முதலாத் தனியப் பாடுறா. ஒரு மணித்தியாலம் பாடலாமோ எண்டு கேக்கிறா."

"ஏலாது! உந்தப் பாட்டை ஆர் இருந்து கேக்கிறது?"

கீழே பாட்டு நின்றது.

மறுநாள் மண்டபத்தில், மாக்கிரட் ஒழுங்கு செய்த பாடகியை, "நான் அரும்பாடுபட்டு அழைத்துவந்த அமெரிக்கக் குயில்" என்று நாற்பது நிமிடம் புகழ்ந்து முழங்கிவிட்டு, பொன்னாடையோடு திரும்பினார் வலன்ரைன்.

எதிரே பேஸ்மென்ற்காரி நின்றாள். முன்வரிசையில் மாக்கிரட் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

பாடகி மைக்கைப் பிடித்து, மாக்கிரட் பழக்கிய தமிழில் பணிவாகக் கேட்டாள்:

"அண்ணை, இப்ப பாடலாமோ?"