டிஸ்ப்ளே மேல தப்பு

"யார் இதை பாஸ் பண்ணது?"

முதலாளி சந்திரமோகன் லேபிள் கட்டை மேஜைமேல் வீசினார். கறிவேப்பிலைப் பொடி பாக்கெட்டில் ஒட்டுகிற லேபிள். இலை காய்ந்த சருகு மாதிரி பழுப்பாக இருந்தது. வாங்கினவர்கள் மொத்த லோடையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அரசப்பனுக்குச் சுர்ரென்று ஏறியது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த அந்த அச்சகத்தில் கலர் பார்ப்பது அவர் வேலை. லேப்டாப்பில் பார்த்து அவர் ஓகே சொன்னால் மிஷின் ஓடும். மறுபேச்சு கிடையாது.

"நான் பாத்தப்போ பச்சையாத்தான் சார் இருந்துச்சு. டிஸ்ப்ளேதான் தப்பா காட்டுது. போன வாரம் சர்வீஸ்காரன் ஜெகன் வந்து கலர் செட் பண்ணான் இல்ல? அவன் வேலைதான் இது!"

போன் போட்டதும் ஊத்துக்கோட்டையிலிருந்து பைக்கில் பறந்து வந்தான் ஜெகன்.

"இன்னாடா பண்ணி வெச்சிக்கிற? உன்னால என் மானமே போச்சு!"

மிஷின் ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் கத்தினார் அரசப்பன். ஜெகன் பையைத் திறந்தான். கலர் சரியாகத் தெரிகிறதா என்று அளக்கிற, மவுஸ் மாதிரி இருந்த ஒரு சின்னக் கருவியை ஸ்கிரீனில் பொருத்தினான். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஸ்கிரீன் மாறி மாறி ஒளிர்ந்தது. எல்லாம் முடிந்தபின் லேப்டாப்பை அரசப்பன் பக்கம் மட்டும் திருப்பி, இரண்டு கலர் கட்டங்களை ஸ்கிரீனில் கொண்டுவந்தான்.

"அண்ணே, இதுல பச்சை எது?"

"எனக்கே பரீட்சையா? நீ அரை டவுசர் போட்டுக்கினு திரிஞ்சப்பவே கலர் பாத்தவன்டா நான். இதோ, இதான்!"

ஜெகன் சட்டென்று லேப்டாப்பை மூடினான்.

"இன்னாப்பா, தப்பு யார் மேல?" என்றார் சந்திரமோகன்.

"என் மேலதான் சார். செட்டிங்கை மாத்தி வெச்சிட்டேன்."

"அப்போ இனிமே இந்தப் பக்கமே வராத. உன் சர்வீஸே வேணாம்."

அரசப்பனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கேட்வரை பின்னாலேயே போனார்.

"உன் அலட்சியத்துக்கு என் வேலை போயிருக்குமேடா! கொஞ்சமாவது வெக்கம் இருக்கா?"

பைக்கில் உட்கார்ந்த ஜெகன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"டிஸ்ப்ளேல ஒரு கோளாறும் இல்லண்ணே. நீங்க பச்சைன்னு காட்டினது பழுப்பு."

அரசப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"போன வாரம் வந்தப்போ சார்ஜர் எடுக்க உங்க டிராயரைத் தொறந்தேன். டிபி மாத்திரை இருந்துச்சு. நீங்க யாருக்கும் சொல்லல போல, நானும் சொல்லல. எங்க நைனாவும் அதே மாத்திரைதான் சாப்ட்டாரு. மொதல்ல இப்படித்தான் பச்சையும் பழுப்பும் குழம்பிச்சு. வயசாயிடுச்சுன்னு நாங்க கண்ணாடிய மாத்திக்கினு இருந்தோம். மாத்திரையாலதான்னு தெரியறதுக்குள்ள பார்வையே போயிடுச்சு."

"ஜெகனு..." அரசப்பன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பவே சொன்னா டாக்டர் வேற மாத்திரை மாத்திக் குடுப்பாரு. எனக்கு இந்தக் கம்பெனி இல்லாங்காட்டி இன்னொண்ணு. ஏறுங்கண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."