மந்திரியின் பதில்

கிராம முன்சீப் பால்வண்ணநாதன் பேப்பரை விரித்தார். கடற்கரை என்பவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரே நின்றான்.

“நம்ம மெம்பர் உங்க தெருவப் பத்திச் சட்டசபையில கேட்டுட்டாருலே. ‘வாய்க்கால் தண்ணீரைக் குடித்து அந்தத் தெருவில் காலராவால் எத்தனை பேர் இறந்தார்கள்? அங்கே கிணறு வெட்டப்படுமா?’”

“எல்லாம் ஐயா எழுதித் தந்த மனுதான். எம்பொண்டாட்டி ஆவுடைத்தாயி காலராவுல போயிட்டா. பிள்ளைகளாவது நல்ல தண்ணி குடிக்கட்டும். மந்திரி என்ன சொல்லுதாரு?”

“‘காலராவால் ஒருவரும் இறக்கவில்லை. கிணறு அவசியமில்லை.’”



“மெட்ராஸ்ல இருக்கவருக்கு இங்கன நடந்தது என்ன தெரியும்? எவனோ பொய் சொல்லியிருக்கான், ஐயா.”

“எவனோ ஒரு பாவி” என்றார் முன்சீப்.

அவன் கும்பிட்டுவிட்டுப் போனதும், பெட்டியிலிருந்த சாவுப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். அதைப் பார்த்துத்தான் அவர் மாதாமாதம் சர்க்காருக்குச் சாவுக் கணக்கு அனுப்புவார். ஆவுடைத்தாய் செத்தது ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த நேரம். பக்கத்து ஊரில் காலரா என்று தெரிந்தால் சீசனுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். அருவிக்குப் பக்கத்தில் அவர் வாடகைக்கு விடும் இரண்டு வீடும் பூட்டியே கிடக்கும்.

ஆவுடைத்தாய் பெயருக்கு நேரே, அவருடைய அழகான கையெழுத்தில், ‘காய்ச்சல்’ என்று இருந்தது.