உரிந்த இடம்

நடுவர் அந்தப் பழைய மோட்டார் சைக்கிளின் ஹாரன் பொத்தானை அழுத்தினார்.

சத்தமே இல்லை.

முகப்பு விளக்கைப் போட்டுப் பார்த்தார். எரியவில்லை. பின்விளக்கும் அப்படியே. எஞ்சின் மட்டும் கம்பீரமாகத் துடித்துக்கொண்டிருந்தது. தனக்கு வேண்டிய தீப்பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் அந்தக் கால வண்டி அது. பேட்டரியை நம்பி இல்லை.

"பெயிண்ட், ராஜா வேலைங்க. கரண்டுதான் காணோம்" என்றார்.

கோயம்புத்தூர் வெயிலில், பழைய வண்டிகளின் கண்காட்சிக்கு வந்த கூட்டம் மெல்ல நெருங்கியது.

வண்டியின் பக்கத்தில் நின்றிருந்த அவள் வாயைத் திறப்பதற்குள் கணவன் குமரேசன் முந்திக்கொண்டான். சிரித்துக்கொண்டே.

"பெயிண்ட் நானுங்க. வயரிங் நம்ம வீட்டம்மா. சமையல் மாதிரிதானுங்க. ஒரு நாளைக்கு நல்லா வரும், ஒரு நாளைக்குத் தீஞ்சு போயிரும்."

எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை.

கூட்டத்தில் ஒரு பொள்ளாச்சிக்காரரும் நின்றிருந்தார். வீட்டில் மூன்று பழைய வண்டிகளைப் பிரித்துப் போட்டு வைத்திருப்பவர். "என்ற வண்டிகளுக்கும் நீங்களே வயரிங் பண்ணிக் குடுத்துருங்கம்மா" என்று சற்று முன்புதான் அவளிடம் சொல்லியிருந்தார். அவளை நம்பி வந்த முதல் வேலை.

இப்போது கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

தீய்ந்துவிட்டதாம்!

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். எஞ்சினை அணைத்தாள். மண்டியிட்டாள்.

ஒவ்வொரு வயரும் அவள் அளந்து வெட்டியது. ஒவ்வொரு முனையும் அவள் பற்றவைத்தது. சூடுபட்ட காயம் விரல் நுனியில் இன்னும் ஆறவில்லை.

டெஸ்ட் லேம்ப்பை எடுத்தாள். ஒரு பல்பு, இரண்டு வயர். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்தாள்.

எரிந்தது.

ஒரு முனையைப் பேட்டரியிலேயே விட்டுவிட்டு, மறுமுனையால் ஃபியூசைத் தொட்டாள். எரிந்தது. சாவித் துவாரம். எரிந்தது. முகப்பு விளக்கு வரைக்கும் போனாள். அங்கேயும் எரிந்தது.

"ஏம்மா, சூடம் கொளுத்திப் பாக்கறதுதானே?" கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

பேட்டரியில் இருந்த முனையைக் கழற்றி, வண்டியின் இரும்புச் சட்டத்தில் வைத்தாள்.

பல்பு அணைந்தது.

அவள் நிமிர்ந்தாள். மின்சாரம் விளக்கு வரைக்கும் ஒழுங்காக வருகிறது. திரும்பிப் போகத்தான் வழியில்லை.

எர்த்.

பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஒரு போல்ட். பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயரை அதுதான் சட்டத்தோடு இறுக்கிப் பிடிக்கும். அந்த ஓர் இடத்தில் மட்டும் பெயிண்ட் இருக்கவே கூடாது. வயரின் முனை வெறும் இரும்பில் பட வேண்டும். அதற்காகவே வெள்ளி போல் மின்னும்வரை சுரண்டி வைத்திருந்தாள்.

போல்ட்டைக் கழற்றி டார்ச் அடித்தாள்.

கறுப்பு. பளபளவென்று, முகம் பார்க்கலாம் போல.

நேற்றுச் சாப்பிடும்போது குமரேசன் சொன்னது காதில் ஒலித்தது.

"அடியில ஓரிடத்துல பெயிண்ட் உரிஞ்சு கெடந்துச்சு. உன்ற கைவரிசைதான். கழட்டிப் பூசி மாட்டிட்டேன். யார்கிட்டயும் சொல்லல, போ."

எங்கேயோ ஸ்பேனர் கீறியிருக்கும் என்று நினைத்துவிட்டாள். எந்த இடம் என்று கேட்கவில்லை.

நன்றி வேறு சொன்னாள்!

காலையில் கிளம்பும்போது விளக்குகள் எரியத்தான் செய்தன. போல்ட்டின் மரை ஏதோ ஓரத்தில் தொட்டுக்கொண்டிருந்திருக்கும். மைதானம் வரை குலுங்கி வந்ததில் அதுவும் விட்டுப்போயிற்று.

இப்போது அவளே சுரண்டிவிடலாம். ஒரு நொடி வேலை. யாருக்கும் தெரியாது. விளக்கு எரியும். உடனே அவன் சமையல் பேச்சை மறுபடி எடுப்பான். கூட்டம் மறுபடி சிரிக்கும்.

எழுந்தாள்.

குமரேசனின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டு உப்புத்தாள் இருக்கும். பெயிண்டர் கை. அதை உருவி எடுத்தாள். அவன் உள்ளங்கையிலேயே வைத்தாள்.

"நீங்களே தேச்சு எடுங்க."

"எங்க?"

டார்ச்சை அடித்துக் காட்டினாள்.

குனிந்தான். பார்த்தான். முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. சொந்தப் பூச்சின் மேல் உப்புத்தாளை வைக்க அவனுக்கு ஒரு கணம் கை வரவில்லை.

பிறகு தேய்த்தான். கறுப்புத் தூள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உதிர்ந்தது.

வெறும் இரும்பு தெரிந்தது. அவள் வயரை வைத்துப் போல்ட்டை முறுக்கினாள். சுவிட்சைத் தட்டினாள்.

முகப்பு விளக்கு எரிந்தது. அந்த வெயிலிலும் தெரிந்தது.

காரை நோக்கித் திரும்பியிருந்த பொள்ளாச்சிக்காரர் அப்படியே நின்றார்.

"அட! என்னதானுங்க கோளாறு?"

நடுவர் குமரேசனைத்தான் கேட்டார். அப்போதும் அவளை அல்ல.

குமரேசன் கூட்டத்தைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"அது வந்துங்க... நம்ம வீட்டம்மா வந்து..."

அவள் கட்டைவிரல் ஹாரன் பொத்தானில் அழுந்தியது.

மைதானமே திரும்பிப் பார்த்தது. கடைசி ஆள் திரும்பும் வரைக்கும் அவள் விரலை எடுக்கவில்லை.

பிறகு எடுத்தாள்.

"இப்பச் சொல்லுங்க."