தேதி இல்லாத பாட்டு

குலியாக்கான் நகரின் மதிய வெயில் ஒத்திகை அறைக்குள் நுழைந்து பித்தளைக் குழலில் பட்டுக் கண்ணைக் கூசுகிறது. தெருவில் போகிற வண்டியிலெல்லாம் எவெலியோவின் பாட்டுதான். சுடப்பட்டுச் செத்த ஒரு கடத்தல்காரனைப் பற்றி அவன் கட்டியது, மெக்சிகோவின் பாடல் பட்டியலில் மூன்று வாரமாக முதலிடம். வந்திருப்பவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மேசைமேல் ஒரு புகைப்படத்தை விரலால் நகர்த்துகிறார். பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் ஒருவன் வாய்கொள்ளாமல் சிரிக்கிறான். "இவன் செத்ததுக்கும் அதே மாதிரி ஒண்ணு கட்டுங்க, மாஸ்டர். ஊரே அழணும்." எவெலியோ பென்சிலை எடுக்கிறான். இந்த வகைப் பாட்டுக்கு முதலடியிலேயே தேதி வந்தாக வேண்டும். "என்னைக்குங்க செத்தாரு?" மூலையில் அவன் குழுவைச் சேர்ந்த ரமீரோ வாசித்துக்கொண்டிருந்த அக்கார்டியன் பாதியில் நிற்கிறது. வந்தவர் தொப்பியின் தூசியைத் தட்டுகிறார். "நீங்க பாட்டை முடிங்க. தேதியை அப்புறம் சொல்றேன்."