நல்ல சேதிக்கும் அதே சைரன்

வாத்துக் கொட்டகையின் பலகை இடுக்குகளில் காலை வெயில் கோடு கோடாக விழுகிறது. பறவைக் காய்ச்சல் எச்சரிக்கை வந்த நாள் முதல் வாத்துகள் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றன. இன்று பரிசோதனை முடிவு வரும். நோய் என்றால் ஒன்றுகூட மிஞ்சாது. தாழ்ப்பாளில் கை வைத்தபடி வாத்துக்காரி முணுமுணுவென்று பிரார்த்திக்கிறாள். இடுப்பில் செருகிய போன் கிணுகிணுக்கிறது. கால்நடை அலுவலகத்தில் எச்சரிக்கை அனுப்புகிற பெண் பேசுகிறாள். "அக்கா, இப்போ உங்க போன் அலறும். பயந்துடாதீங்க. நல்ல சேதிக்கும் எங்ககிட்ட அதே சைரன்தான் இருக்கு." "நல்ல சேதியா?" "ஐயோ, அதை நான் வாயால சொல்லக் கூடாதுக்கா!" "அதான் சொல்லிட்டியேம்மா!" இருவரும் சிரிக்கிறார்கள். வாத்துக்காரிக்குக் கண்ணீர் பொலபொலவென்று வழிகிறது. வாளி நிறையத் தண்ணீரோடு வருகிற கணவனுக்கு இது எதுவும் தெரியாது. அவள் போனிலும் அவன் சட்டைப்பைப் போனிலும் சைரன் வீறிடுகிறது. வாளி கைநழுவிக் கவிழ்கிறது. "போச்சு, எல்லாம் போச்சு!" "ஒண்ணும் போகலைங்க, படிச்சுத்தான் பாருங்களேன்!" திரையைத் தொட்டு அவன் எழுத்துக் கூட்டுகிறான்: "நோய் இல்லை. கட்டுப்பாடு நீக்கப்பட்டது." அவள் தாழ்ப்பாளை இழுக்கிறாள். வெள்ளை வெளேரென்று வாத்துகள் முண்டியடித்து வெளியே பாய்கின்றன. நேரே கொட்டிய தண்ணீருக்குள் இறங்கிச் சேறு தெறிக்கச் சிறகடிக்கின்றன. முகம் தெரியாத அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று வாத்துக்காரி வானத்தைப் பார்த்துக் கும்பிடுகிறாள். சைரன் இன்னும் அலறிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்த இருவருக்கும் மனமில்லை.