பட்டாணியின் முதல் பிடி

மலையில் செடி வளர்க்கும் ஒரு கண்ணாடி வீடு. ஹீட்டர் எதுவும் கிடையாது. பகல் வெயில்தான் சூடு. உள்ளே ஒரு பட்டாணிக் கொடி பரபரத்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள், ஏறுவதற்குக் கட்டிய கம்பியைப் பிடிக்காத கொடிகளைப் பிடுங்கிவிடப்போவதாகத் தோட்டக்காரி மேகலா சொல்லியிருந்தாள். கம்பிக்கு இன்னும் ஒரு விரற்கடை தூரம்.

"அண்ணே, இன்னிக்கு எள்ளளவு வளந்துட்டேன்!" என்றது பக்கத்திலிருந்த பூவாளியிடம்.

"எள்ளா! தண்ணி ஊத்துற அன்னிக்கு நான் இந்த வீட்டையே நாலு சுத்து சுத்துவேன். நீ போன மாசம் நின்ன இடத்துலேயே நிக்கிறே" என்று பூவாளி சிரித்தது. குளிர்காலத்தில் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் பூவாளியும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, கொடியின் நுனியில் சில்லென்று ஏதோ தட்டுப்பட்டது. பட்டாணி உயிரைக் கொடுத்து வளைத்துப் பிடித்தது.

"பிடிச்சுட்டேன்! பிடிச்சுட்டேன்!"

"அடேய், அது என் கைப்பிடிடா! விடு, இன்னிக்குத் தண்ணி ஊத்துற நாள்!"

பூவாளியைத் தூக்கக் கை நீட்டிய மேகலா, அதில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்த பச்சை இழையைப் பார்த்து நின்றாள்.

"அட, பூவாளியையே பிடிச்சுட்டியா? சரி, பொழச்சுப் போ" என்று சிரித்துவிட்டு, வேறு வாளி எடுக்கப் போனாள்.

பூவாளி மெல்ல ஆடிப் பார்த்தது.

"அண்ணே, அசையாம நில்லுங்க" என்றது பட்டாணி. "இப்பத்தான் ஏற ஆரம்பிச்சிருக்கேன்!"